பல்வலி ஆண்டவர் குருசடி

வாங்க தம்பி, வாங்க. வாயத் தொறக்காதீங்க. கன்னத்தப் பாத்தாலே தெரியுது, கீழ்க்கடவாய்ப் பல்லு. பேசுனா காத்துப் பட்டு விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும். தலைய மட்டும் ஆட்டுங்க, போதும். கிராம்பு கொண்டாந்திருக்கியளா? அந்தா, அந்தத் தட்டுல ஒரு பிடி வைங்க. ஒண்ண மட்டும் எடுத்து வலிக்குத எடத்துல வச்சிக் கடிச்சிக்கிடுங்க. திருச்செந்தூர் பஸ்ஸுக்கு இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு. இப்பிடி நிழலுக்கு வந்து உக்காருங்க.

சுரூபத்தப் பாத்துட்டியள்லா? மரச் சுரூபம். தலையில முள்முடி, கல்லு மேல உக்காந்து, வலது கைய கன்னத்துல குடுத்துக்கிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்காரு. சரி. இப்ப என்னையப் பாருங்க. நல்லாப் பாருங்க. மூக்கப் பாருங்க. இந்தா, நானும் கைய இப்பிடி வைக்கேன். என்ன?

அதான். அது நான்தான்.

பயந்துராதீங்க. ஆண்டவர் ஆண்டவர்தான், நான் கஸ்பார்தான். ஆனா மொகம் என்னது. இந்தப் பங்குல, எங்க கோயிலுக்கு வாற சனத்துல, ஒருத்தனும் இத வாயால ஒத்துக்கிட மாட்டான். பொறாம. அதனால வெளியூர்க்காரவ வந்தா நானே எடுத்துச் சொல்லிருதது. சொல்லாட்டா எப்பிடித் தெரியும்?

நான் முப்பது வருசம் இன்சூரன்ஸ் ஏஜெண்டா இருந்தவன். பேசத் தெரியாதவன் அந்தத் தொழிலுக்கு லாயக்கில்ல. ஒரு மனுசன்கிட்ட, அவன் வீட்டுத் தாழ்வாரத்துலேயே உக்காந்து, அவன் பொண்டாட்டி குடுத்த காப்பியக் குடிச்சிக்கிட்டே, "நீ செத்துப்போனா என்ன ஆகும்"னு நயமா எடுத்துச் சொல்லணும்லா? அதுக்கு இந்தச் சுத்துவட்டாரத்துல என்னைய விட்டா ஆளு கெடையாது. அதுபோக, எங்க தேரிவிளை பாஸ்கா நாடகத்துல பத்தொம்பது வருசம் நான்தான் இயேசு. இப்ப இல்ல. மாத்திட்டாங்க. வயிறு போட்டுட்டுன்னு காரணம் சொன்னாங்க. நெசம் என்னன்னா, சிலுவையில ஆண்டவர் சொல்லுதது ஏழே வசனம். எனக்கு ஒரு வருசம் தோணிச்சு, சனம் இத்தன பேரு மண்ணுல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காவ, இவ்வளவு தூரம் வந்தவங்கள ஏழு வசனத்தோட அனுப்பலாமான்னு. கொஞ்சம் விரிச்சுச் சொன்னேன். முக்கா மணி நேரம் இருக்கும். வலப்பக்கத்துக் கள்ளன் மயங்கிட்டான். இடப்பக்கத்துக் கள்ளன், "மாமா, சீக்கிரம் சாவுங்க மாமா, கையி மரத்துப் போச்சி"ன்னு அழுதான். கலையத் தெரியாதவனுவ.

இந்த விலக்குல, எங்க ஊருக்கு ரோடு பிரியுத எடத்துல, முன்ன ஒரு வேப்பமரம் நின்னுச்சு. ரோட்ட அகலப்படுத்துதோம்னு வெட்டிப் போட்டுட்டாங்க. அப்பத்தான் எங்க பங்குக்கு ஜெரோம் சாமியார் புதுசா வந்திருந்தாரு. சின்ன வயசு, ரோமாபுரியில போயிப் படிச்சவரு. அவரு அந்த அடிமரத்தக் கேட்டு வாங்கிட்டாரு. "விலக்குல ஒரு குருசடி கட்டுவோம், இந்த மரத்துலேயே ஆண்டவர் சுரூபம் செஞ்சு வைப்போம், போறவ வாறவ ஒரு நிமிசம் நின்னு செபிக்கட்டும்"னாரு. நல்ல விசயம். யாரு செய்ய? பக்கத்து டவுன்ல மூக்காண்டி ஆசாரின்னு ஒருத்தரு, கோயில் வாகனம் செய்யுதவரு. குதிரை, காளை, சிங்கம், மயிலு, எல்லாம் உசுரோட நிக்குத மாதிரி செய்வாரு. வந்து மரத்தப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு. மரம் நடுவுல வளைஞ்சு கெடக்கு.

"சாமி, இதுல நிக்க வச்சா கூன் விழுந்துரும். சிலுவையில போட்டா கையி பத்தாது. உக்காரத்தான் வைக்க முடியும்"னுட்டாரு.

ஜெரோம் சாமியாருக்கு ஒரே சந்தோசம். சிலுவைய நடுததுக்குக் குழி தோண்டுத வரைக்கும் ஆண்டவர ஒரு கல்லுல உக்கார வச்சிருந்தாங்களாம். வடக்க, பனி விழுத தேசத்துல எல்லாம், ரோட்டோரமா அப்பிடித்தான் மரத்துல செஞ்சு வைப்பாங்களாம். கன்னத்துல கை வச்சு, ஒலகத்த நெனச்சு உக்காந்திருப்பாராம். "அதையே செய்யுங்க ஆசாரி"னாரு.

ஆசாரி தலையச் சொறிஞ்சாரு. "குதிர, சிங்கம்னா கண்ண மூடிக்கிட்டுச் செஞ்சிருவேன் சாமி. மனுச மொகம் எனக்குப் பழக்கமில்ல. மாதிரிக்கு ஒரு ஆள உக்கார வச்சாத்தான் வரும்."

கோயில் கமிட்டிக் கூட்டத்துல அவரு இத மறுபடி சொல்லி முடிக்கல, நான் எந்திரிச்சு நின்னுட்டேன். வேற யாருக்கும் அந்தத் தகுதி இல்லைங்கது எல்லாருக்கும் தெரியும்லா? ஒருத்தரும் எதுத்துப் பேசல. பேச நான் விட்டாத்தான?

பதினாலு நாளு ஆசாரி பட்டறையில போயி உக்காந்தேன் தம்பி. ஒரு முக்காலி. தலையில முள்முடிக்குப் பதிலா ஒரு சும்மாடு. எதுத்தாப்புல ஏதோ கோயிலுக்குச் செய்யுத சிங்கம் ஒண்ணு வாயப் பொளந்துக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு நிக்கி. சும்மா எப்பிடி உக்காந்திருக்க? நான் ஆசாரிக்குப் பல விசயம் எடுத்துச் சொன்னேன். இன்சூரன்ஸ் எப்பிடி ஒரு தச்சனுக்கு அவசியம், உளி வழுக்கிட்டா என்ன கெதி, பாஸ்காவுல நான் விழுந்து எந்திரிக்க மூணு விதம், இதெல்லாம். ஆசாரி, "அண்ணாச்சி, வாய மூடுங்க. ஒதடு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. எத நான் செதுக்க?"ங்காரு. நான் சரின்னுட்டு, ஏன் ஒதடு நிக்கலைங்கத அவருக்கு வெளக்குவேன்.

பத்து நாளுல முழங்காலு, பாதம், அங்கி மடிப்பு எல்லாம் முடிச்சிட்டாரு. மொகம் மட்டும் மரக்கட்டையா கெடக்கு. பதினோராம் நாளு காலையில எனக்குப் பல்லுவலி வந்துட்டு. இதே பக்கம், இதே பல்லு. ஒங்களுக்கு இருக்கத விட ரெண்டு பங்கு வீக்கம். வாயத் தொறக்க முடியல. கன்னத்துல கைய வச்சிக்கிட்டு, பல்லு டாக்டர்கிட்டப் போறேன்னு சொல்லத்தான் பட்டறைக்குப் போனேன். சைகையில சொல்லுதேன். ஆசாரி என் மொகத்தப் பாத்தாரு. உளியத் தூக்கிட்டாரு பாருங்க! "அண்ணாச்சி, அப்பிடியே உக்காருங்க, அசையாதீங்க"ன்னு காலப் புடிச்சிக்கிட்டாரு. நாலு நாளு. எனக்குக் கஞ்சி, அவருக்குக் காப்பி. நான் வாசலப் பாத்து எந்திரிச்சா, "கண்ணு ஒண்ணுதான் பாக்கி அண்ணாச்சி, நல்லா இருப்பிய"ன்னு கெஞ்சுதாரு. ஆண்டவர் பட்ட பாட்டுல பாதி நான் பட்டிருக்கேன்.

முடிச்ச அன்னைக்கு உளியக் கீழ வச்சிட்டு ஆசாரி சொன்னாரு: "பதினாலு நாளுல இந்த நாலு நாளுதான் அண்ணாச்சி ஒங்க மொகத்தப் பாத்தேன்." கலைஞன் கலைஞன்தான். எப்பிடிச் சொல்லிட்டாரு பாருங்க.

குருசடிய மந்திரிச்சுத் தொறக்குத அன்னைக்கு நல்ல கூட்டம். சாமியார் தெரையப் பிடிச்சி இழுத்தாரு. ஊரே சத்தமில்லாம பாக்கு. யாராவது, "நம்ம கஸ்பார் அண்ணாச்சில்லா"ன்னு சொல்லுவாகன்னு நிக்கேன். கருப்பட்டி யாவாரம் பண்ணுத தங்கபுஷ்பம் மொத வரிசையில நின்னா. அவ சத்தமா கேட்டா:

"ஐயோ பாவம், சாமிக்குப் பல்லு வலிக்கா?"

முடிஞ்சிது. ஒலகத்தோட துயரம்னு சாமியார் எழுதி வச்சிருந்த பிரசங்கம் முடிஞ்சிது. மறுநாளு தங்கபுஷ்பம் நாலு கிராம்பு கொண்டாந்து சுரூபத்துக் காலடியில வச்சிருக்கா. "நீரு வச்சிக்கிடும் சாமி"ன்னு சொல்லி. வீட்டுக்குப் போனா அவளுக்கு மூணு மாசமா இருந்த பல்லுவலி நின்னுபோச்சாம். ஒரு லாரி டிரைவர் வச்சான், அவனுக்கும் நின்னுட்டு. அவன் லாரிய எங்கெங்க ஓட்டுனானோ அங்கெங்க சொல்லிட்டான். இப்ப வெள்ளிக்கிழமைன்னா ரெண்டு கிலோ கிராம்பு சேருது. சாமியார் மூணு ஞாயித்துக்கெழம தொடந்து பிரசங்கம் வச்சாரு. "இது பல்வலி அல்ல அன்பார்ந்தவர்களே, இது மனுக்குலத்தின் பாவத்துக்கான துக்கம்." நாலாவது ஞாயிறு அவருக்கே ஞானப்பல்லு மொளச்சிட்டு. திங்கக்கெழம வெள்ளன எந்திரிச்சு இந்தப் பக்கமா நடந்து வாறாரு. கையில ஒரு பொட்டலம். நான் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டேன். அன்னையில இருந்து அந்தப் பிரசங்கம் கெடையாது.

இதெல்லாம் நல்லதுதான். எனக்கு ஒரு கொறையும் இல்ல. என் மனத்தாங்கல் வேற. அதத்தான் சொல்ல வாறேன். வலிக்கா? கடிச்சிக்கிடுங்க.

எம் பொஞ்சாதி பேரு கித்தேரி. அமைதியான பொம்பள. கல்யாணமாகி முப்பத்தோரு வருசம் ஆச்சி. அதுல கடைசி இருபது வருசமா அவ எங்கிட்டப் பேசுதது மூணே வார்த்த. "சோறு வச்சிட்டேன்." "தண்ணி வருது." "உம்." சண்ட கெடையாது, சத்தம் கெடையாது. அவ குணம் அப்பிடின்னு விட்டுட்டேன். எனக்கும் சௌரியமாத்தான் இருந்துச்சு. நான் சொல்லுதத குறுக்க விழாம கேக்க வீட்டுல ஒரு ஆளு வேணும்லா?

குருசடி வந்த பொறவு சாயங்காலம் அஞ்சு மணியானா கித்தேரி தலைய வாரிக்கிட்டு விலக்குக்குப் போயிருவா. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வருவா. எனக்குப் பெரும தாங்கல. வீட்டுல இருக்க மொகத்த மரத்துலயும் பாக்கணும்னு போறாளே, இந்த வயசுலயும் எம் மேல இவ்வளவு பிரியமான்னு. நாலு பேருகிட்டச் சொல்லியும் சொல்லிட்டேன்.

அந்தா, எதுத்தாப்புல டீக்கடை இருக்குல்லா, அதுல இருக்க எட்வின் ஒருநாளு சொல்லுதான்: "அண்ணாச்சி, கித்தேரி மயினி என்ன பேச்சுப் பேசுதாவ! நேத்து ஒரே சிரிப்பு."

"யாருகிட்ட?"

"சுரூபத்துக்கிட்டத்தான்."

நான் நம்பல. மறுநாளு அவன் கடையில ஒரு தூணு மறைவுல நின்னு பாத்தேன். தம்பி, எப்பிடிச் சொல்ல! அந்தப் படியில சம்மணம் போட்டு உக்காந்து, கைய ஆட்டி, தலைய ஆட்டி, பேசுதா. நிறுத்தாம பேசுதா. நடுவுல முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. அவளுக்கு ஒரு தெத்துப்பல்லு உண்டு, அதையே நான் மறந்துட்டேன். எனக்கு அப்பிடியே வயித்தெரிச்சல். என் மொகந்தான? என் மூக்குதான? நான் வீட்டுல உசுரோட இருக்கேன். அசல வீட்டுல வச்சிக்கிட்டு நகல்கிட்டப் போயிப் பேசுதது என்ன நாயம்?

நேரா ஜெரோம் சாமியார்கிட்டப் போனேன்.

"சாமி, அந்தச் சுரூபத்த எடுத்துருங்க."

"ஏன், என்ன ஆச்சி?"

"எம் பொண்டாட்டி அவருகிட்டப் பேசுதா. எங்கிட்டப் பேச மாட்டேங்கா."

சாமியார் கண்ணாடியக் கழத்தித் தொடச்சாரு. "கஸ்பார், அது செபம். ஆண்டவர்கிட்டத் தான பேசுதாங்க."

"செபத்துல யாராவது சிரிப்பாங்களா சாமி? அது செபமில்ல. அது கத."

"நீங்க பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தீங்களா, இல்ல ஆண்டவர் மேல புகார் குடுக்க வந்தீங்களா?"

"ஆண்டவர் மேல இல்ல சாமி, அந்த மொகத்து மேல"ன்னேன். அதுக்குப் பொறவு நான் ஒரு அரை மணி நேரந்தான் பேசியிருப்பேன், அவருக்கு அவசரமா ஒரு வீடு மந்திரிப்பு வந்துட்டு, போயிட்டாரு.

நமக்கு நாமதான். குருசடிக்குப் பின்னால ஒரு சின்ன அறை, பாத்தியளா? மெழுகுவத்திப் பெட்டி, வெளக்குமாறு எல்லாம் வைக்குதது. சாவி எங்கிட்டத்தான். உள்ள நின்னா சுரூபத்து முதுகு, நடுவுல ஒரு பலகதான். மூணு நாளு நாலே முக்காலுக்கே உள்ள போயி நின்னுட்டேன். புருசன், பொண்டாட்டி பேசுததக் கேக்கது தப்பா? புருசன் நான்தான?

மொத நாளு ஒண்ணும் பெரிசா இல்ல. தங்கச்சி மகளுக்கு வரன் வந்தது, ரேஷன் அரிசி வாடை, பக்கத்து வீட்டுக் கோழி. ஆனா சொல்லுத விதம் இருக்கே! அந்தக் கோழி கதைய நான் சொல்லியிருந்தா பாதிக்கு மேல யாரும் நிக்க மாட்டான். எனக்கு உள்ள நின்னுக்கிட்டு சிரிப்ப அடக்க முடியல, வெளக்குமாத்தக் கடிச்சிக்கிட்டு நின்னேன்.

ரெண்டாம் நாளு என்னையப் பத்தி. "அவுக இயேசுவா நடிச்சாகள்லா சாமி, பத்தொம்பது வருசமும் நான் மொத வரிசையில போயி உக்காந்திருந்தேன். எதுக்குத் தெரியுமா? தீர்ப்புச் சொல்லுத பிலாத்துக்கு முன்னால ஒண்ணும் பேசாம நிப்பாகளே, அந்த ஒரு காட்சிக்குத்தான். அஞ்சு நிமிசம் வரும். அது முடிஞ்சதும் நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவேன்."

பாத்தியளா தம்பி, பத்தொம்பது வருசமும் என் நடிப்ப ரசிச்சிருக்கா. அந்தக் காட்சியில நான் கண்ணாலயே பேசுவேன். அது எல்லாருக்கும் புரியாது.

மூணாம் நாளு அவ சிரிக்கல. வந்து உக்காந்ததுமே சொன்னா: "சாமி, இடது கண்ணு சுத்தமா தெரியல. தைப்பொங்கலுக்கு மேக மூடாப்பு போட்ட மாதிரி இருந்துச்சு. இப்ப ஒம்ம மொகமே புகை மாதிரித்தான் தெரியுது. நேத்து அரிசியில கல்லு கெடந்துச்சுன்னு அவுக வஞ்சாக. எனக்குக் கல்லும் தெரியல, அரிசியும் தெரியல. கையால தடவித்தான் பொறுக்குதேன். வலது கண்ணும் இப்பிடி ஆயிருமோன்னு பயமா இருக்கு சாமி."

அரிசியில கல்லு கெடந்ததுக்கு நான் முந்தின நாளு ராத்திரிச் சாப்பாட்டுல ஆரம்பிச்சது, கை கழுவுத வரைக்கும் நிறுத்தல. தெரியாதுல்லா? ஓடிப்போயி "ஏட்டி"ன்னு நிக்கணும்னு இருக்கு. நின்னா, ஒளிஞ்சு கேட்டது தெரிஞ்சிரும். என்ன செய்ய? ஒரு யோசன வந்துச்சு. பாஸ்கா கொரல் இருக்குல்லா, பத்தொம்பது வருசத்துக் கொரலு, அடிவயித்துல இருந்து எடுக்கது. பலகையில வாய வச்சிக்கிட்டுச் சொன்னேன்:

"மகளே... கித்தேரி..."

கொரல இன்னும் கொஞ்சம் எறக்கிக்கிட்டேன்.

"மகளே, அஞ்சாதே. திருநெல்வேலிக்குப் போ. கண்ணாஸ்பத்திரிக்குப் போ."

இதோட நிறுத்தியிருந்தா அவ நம்பியிருப்பா, இன்னைக்கும் சொல்லுதேன். ஆனா விவரம் பத்தாதுல்லா? பொம்பள தனியா போயித் தவிச்சிரக் கூடாதுன்னு, எந்த பஸ்ஸு, எங்க எறங்கணும், ஆதார் கார்டு, ரேஷன் கார்டு ரெண்டும் நகல் ரெண்டு ரெண்டு, காலையில ஏழு மணிக்கே டோக்கன் போட்டுருவான், கேன்டீன்ல இட்லி நல்லா இருக்காது, வீட்டுலேயே புளிச்சோறு கட்டிக்கிடணும், கண்ணுல புரை விழுதது ஏன்னா, அது ஒரு கேமரா லென்ஸ் மாதிரின்னு... சொல்லிக்கிட்டே போறேன்.

"வெளிய வாங்க."

நான் வாய மூடிக்கிட்டேன்.

"வெளிய வாங்கங்கேன். ஆண்டவர் இவ்வளவு நேரம் பேச மாட்டாரு."

கதவத் தொறந்து வந்தேன். தலையெல்லாம் நூலாம்படை. படியில உக்காந்த மேனிக்கே என்னைய ஏறிட்டுப் பாத்தா. அந்த இடது கண்ணுல வெள்ளையா ஒரு பொட்டு. எதுத்தாப்புல உக்காந்து தெனமும் சாப்பிடுதவன், நான் அதப் பாத்ததே இல்ல.

"ஏட்டி, இத எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன்."

"எப்ப?"

"பொங்கல் கழிஞ்ச மறுநாளு. 'இங்கேருங்க, கண்ணு ஒரு மாதிரி இருக்கு'ன்னேன். நீங்க, கண்ணு போன ஒருத்தனுக்கு இன்சூரன்ஸ் வாங்கிக் குடுத்த கதையச் சொன்னிய. அது முடிய பத்து மணி ஆயிட்டு. மாசிக் கடைசியில ஒருக்கச் சொன்னேன். அப்பவும் அதே கதைதான். மூணாவது தடவ சொல்ல வந்தேன், நீங்களே 'அந்தக் கண்ணு போனவன் கத ஒனக்குச் சொல்லியிருக்கேனா'ன்னு ஆரம்பிச்சிட்டிய."

அந்தக் கத நல்ல கததான். அது வேற விசயம். ஒங்களுக்குப் பொறவு சொல்லுதேன்.

"சரி, அந்த மரத்துக்கிட்ட மட்டும் என்னத்துக்குப் பேசுத? அது என் மொகந்தான?"ன்னு கேட்டேன்.

"ஒங்க மொகந்தான்"னா. "ஒங்க மொகம் கேட்டுக்கிட்டு இருக்கதப் பாக்க எனக்கு ஆசையா இருந்துச்சு."

பாத்தியளா, பிரியம்.

மறுநாளே திருநெல்வேலிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். பஸ்ஸுல நான் பேசல. சத்தியமா. பாளையங்கோட்டை தாண்டுத வரைக்கும் பேசல. புரைதான், ஆபரேசன் பண்ணுனா சரியாயிரும், இவ்வளவு நாளு ஏன் விட்டியன்னு அந்த டாக்டரம்மா கேட்டாக. கித்தேரி என் பக்கம் திரும்பக்கூட இல்ல. "எனக்குத்தான் நேரமில்ல டாக்டர்"னுட்டா. அத வாசல்ல நின்னு கேட்டேன். எத்தனையோ பேரு என்னைய நேருக்கு நேரா வஞ்சிருக்கான், அப்பல்லாம் ஒண்ணும் ஆகல. அன்னைக்கு அந்த வராண்டாவுல நிக்க முடியல, போயி பைப்புல மொகத்தக் கழுவிட்டு வந்தேன்.

அன்னைக்கே ஆபரேசன் பண்ணி, மறுநாளு காலையில கட்டப் பிரிச்சாங்க. நர்சு கை விரல காட்டி எத்தனைன்னு கேக்கா. கித்தேரி விரலப் பாக்கல, என்னையப் பாக்கா. மேலயும் கீழயும் பாக்கா. பொறவு, "இவ்வளவு நரைச்சிட்டா?"ன்னா. அவ்வளவுதான். ஆனா கேட்டுட்டு சிரிச்சா, அந்தத் தெத்துப்பல்லு தெரிய.

இந்தக் கண்ணு திரும்புன பெருமையில பாதி எனக்குச் சேரணும். மீதிதான் டாக்டரம்மாவுக்கு. நான் பலகைக்குப் பின்னால நிக்காட்டா யாருக்குத் தெரிஞ்சிருக்கும், சொல்லுங்க? இல்ல, சொல்லாதீங்க, வலிக்கும்.

வீட்டுக்கு வந்த பொறவு கித்தேரி ஒரு கண்டிசன் போட்டா. ஒரு மாசத்துக்கு வெயிலு, தூசி ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக, அதனால விலக்குக்கு வர முடியாது. "சாயங்காலம் அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் நீங்க எதுத்தாப்புல உக்காரணும். கன்னத்துல கை வச்சிக்கிடணும். கைய எடுத்தா ஒங்களுக்கு வாயும் தொறந்துரும்."

"நான் என்ன மரமா?"ன்னேன்.

"ஒரு மணி நேரந்தான"ன்னா.

உக்காந்தேன் தம்பி. மொத நாளு அவ ஒண்ணுமே பேசல. நான் கையி கன்னத்துலயும், கண்ணு கடிகாரத்துலயுமா இருக்கேன். ஒரு மணி நேரம் இவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாது. ரெண்டாம் நாளும் பேசல. அவளுக்குக் கருப்புக் கண்ணாடி வேற, தூங்குதாளா முழிச்சிருக்காளான்னே தெரியல. ரோட்டுல எட்வின் போறான், அவன்கிட்டக் கேக்க ஆறு விசயம் இருக்கு, தொண்டக்குழியில முட்டுது. மூணாம் நாளு எனக்கு மேலெல்லாம் அரிச்சிது. ஆசாரி பட்டறையில பல்லுவலியோட உக்காந்தது இதுக்கு எவ்வளவோ தேவல. வலி இருந்துச்சு, வாய மூட ஒரு காரணம் இருந்துச்சு. இங்க சும்மா இருக்கணும். ஒங்களுக்கு அது புரியாது, நீங்க அமைதியான ஆளு.

நாலாம் நாளு வியாழக்கெழம. மடியில முறத்த வச்சிக்கிட்டு அரைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. தலைய நிமித்தாமலே ஆரம்பிச்சா. கோழி கத இல்ல. கல்யாணமான மறுவருசம் நான் ஏஜெண்டு மீட்டிங்குன்னு மெட்ராசுக்குப் போயி பதினஞ்சு நாளு இருந்துட்டு வந்தேன். அந்தப் பதினஞ்சு நாளுல இங்க நடந்தது ஒண்ணு. முப்பது வருசமா அவ ஒருத்தி மட்டுமே வச்சிருந்திருக்கா. அவ அம்மைக்குத் தெரியாது. சுரூபத்துக்கிட்டக்கூட சொல்லலையாம்.

நான் கைய எடுக்கல. கீரை முழுக்க ஆய்ஞ்சு முடியுத வரைக்கும் சொன்னா. முடிச்சிட்டு, தண்டெல்லாம் அள்ளிக்கிட்டு எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிட்டா. தாளிக்குத சத்தம் கேட்டுச்சு. மணி ஆறே முக்கால். எனக்கு விட்ட நேரம் எப்பவோ தாண்டியாச்சி, நான் பேசலாம். பேசல. அப்பிடியே உக்காந்திருந்தேன். சோறு வச்சிட்டேன்னு கூப்பிட்டா. போயி உக்காந்து சாப்பிட்டேன். ரெண்டாவது தடவ கீர போட்டா, அதையும் சாப்பிட்டேன்.

என்ன, புருவத்தத் தூக்குதிய? என்ன நடந்துச்சுன்னா?

இல்ல தம்பி. அது கித்தேரி எங்கிட்டச் சொன்னது.